கடாரமும் கெடாவும்: ஒலி ஒத்த பெயர்களைப் பற்றி

கரும்பு தின்னக் கூலி வேண்டுமா என்பர். ஊர்ப்பெயர்களுக்குப் பொருள் காணும் வேலையும் அத்தகையதே. எவரும் அழையாமலே தமிழாசிரியர்களாகிய நாம் அதில் இறங்கிவிடுகிறோம். ஓர் ஊரின் பெயர் தமிழ்ச் சொல் ஒன்றைப் போல ஒலித்தால் போதும். உடனே கரும்பலகையில் எழுதிப் பிரித்துக் காட்டி, "பாருங்கள், இதுவும் தமிழே" என்று மாணவர் முன் மகிழ்கிறோம். நானும் அங்ஙனம் மகிழ்ந்தவர்களுள் ஒருவன். அம்மகிழ்ச்சிக்குரிய விலையை என்னிடம் படித்த ஒரு பெண் கொடுக்க நேர்ந்தது.

அவள் எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவள். பாட்டி பால்மரம் வெட்டியவர். தந்தை செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கச் சென்றாள். அங்கே ஒரு வகுப்பில் நாட்டின் பழம்பெயர்களைப் பற்றிப் பேச்சு எழுந்ததாம். இவள் எழுந்து, "மெலாயு என்னும் பெயர் மலையூர் என்னும் தமிழ்ப் பெயரிலிருந்து வந்தது, இராசேந்திர சோழனின் கல்வெட்டே அதற்குச் சான்று" என்று கூறியிருக்கிறாள். நான் கற்பித்த பாடம், சொல் பிசகாமல். விரிவுரையாளர் சினக்கவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அக்கல்வெட்டுக்கு முன்னர் அப்பெயரை வேறு எவரும் எழுதவில்லையா?" அவளுக்கு விடை தெரியவில்லை. உடன் படிப்போர் சிலர் சிரித்திருக்கிறார்கள்.

இது பெரிதன்று. பின்னர் நடந்ததே என்னை வருத்தியது. சில வாரங்கள் கழித்து அதே வகுப்பில் மலாய் மொழியிலுள்ள கடல் வாணிகச் சொற்கள் பேசப்பட்டனவாம். 'கப்பல்', 'கடை', 'முதல்' ஆகிய மூன்றும் தமிழிலிருந்து சென்றவை என்பது அவளுக்குத் தெரியும். ஆயினும் வாய் திறவாமல் இருந்துவிட்டாள். தீபாவளி விடுமுறையில் என்னைக் காண வந்தபோது, "ஐயா, நீங்கள் சொல்லித் தந்தவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்று எனக்குப் பிரித்துக் காட்டுங்கள்" என்றாள். அன்று என்னால் இயலவில்லை. அதன் பின்னர் ஓராண்டுக் காலம் மாலை வேளைகளில் படித்தும் ஒப்பிட்டும் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

முதற்கண் நம் கண்முன் நடப்பதைக் காண்போம். வடக்கே ஜெராய் மலைக்குத் தெற்கில் சுங்கை பட்டாணி என்னும் ஊர் உள்ளது. நம் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அப்பெயரைக் கேட்டதும் சுண்டலுக்கு வேகவைக்கும் பட்டாணியை நினைப்பார்கள். 'சுங்கை' என்றால் ஆறு. 'பெத்தானி' என்றால் மலாய் மொழியில் உழவன். அப்பெயர் அவ்வூருக்கு எங்ஙனம் வந்திருப்பினும் அங்கே பட்டாணி விளைந்ததாக எவரும் சொல்லார். நம் நா பெத்தானியைப் பட்டாணி ஆக்கிற்று, அவ்வளவே. கிளாங் என்னும் ஊரைக் கிள்ளான் என்கிறோம். பெயரை மட்டும் வைத்து ஆராயப் புகுந்தால் பிறரைக் கிள்ளாத நல்லவன் ஒருவன் அங்கே வாழ்ந்தான் என்று கதை கட்டலாம்! சிரிக்க வேண்டாம். ஒரு விழாவில் சொற்பொழிவாளர் ஒருவர், "கெடா என்பது என்றும் கெடாத வளமுடைய நாடு" என்று முழங்கினார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். முன்வரிசையில் அமர்ந்து நானும் தட்டினேன்.

அயற்சொல் ஒன்று காதில் விழுந்ததும், நா தனக்குப் பழக்கமான சொல்லின் அச்சில் அதனை வார்த்துக்கொள்கிறது. இது தமிழுக்கு மட்டும் உரிய குறையன்று; எல்லா மொழியினரும் செய்வதே. ஆனால் இதிலிருந்து ஒன்று பெறப்படும். ஒரு பெயர் தமிழ்ச் சொல்லைப் போல ஒலிப்பது, அது தமிழர் வாயில் வழங்கியது என்பதற்குச் சான்றாகலாம். தமிழில் பிறந்தது என்பதற்குச் சான்றாகாது. இவ்விரண்டையும் நான் பல ஆண்டுகள் ஒன்றாகவே கருதிவந்தேன்.

இனிக் கெடாவின் பெயரையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பள்ளித் திடலில் நின்றால் 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை தெரியும். மலாக்கா நீரிணையில் வந்த பழங்காலக் கப்பலோட்டிகளுக்கு அதுவே கரை காட்டும் குறி. அதன் அடிவாரத்தில் பூசாங் பள்ளத்தாக்கு விரிகிறது. 1930-களில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் அங்கே அகழ்ந்து பல கோயிலடித்தளங்களைக் கண்டறிந்தார். புக்கிட் பத்து பகாட்டில் மீட்டமைக்கப்பட்ட கோயிலைப் பள்ளிச் சுற்றுலாவில் காணாத ஆசிரியர் நம்முள் குறைவு. இம்மண்ணின் பெயரை யார் யார், எப்பொழுது, எவ்வாறு எழுதினர் என்று வரிசையாக நோக்குதல் வேண்டும்.

நம்மவர் முதலிற் காட்டுவது பட்டினப்பாலை. கரிகாலனைப் பாடிய அந்நூலில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து இறங்கிய பொருள்களுள் காழகத்துப் பொருளும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. காழகம் என்பது கடாரம் என்று உரை வகுத்தவர் நச்சினார்க்கினியர். இதனைக் கொண்டு கெடாவுக்கும் சங்கத் தமிழுக்கும் உள்ள உறவை நாம் உறுதிபட எழுதிவிடுகிறோம். ஆனால் நச்சினார்க்கினியர் 14-ஆம் நூற்றாண்டினர். பாட்டுக்கும் உரைக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கிடக்கிறது. அவர் காலத்தில் கடாரம் என்பது சோழர் வெற்றியால் புகழ்பெற்றுவிட்ட பெயர். பழைய பெயர் ஒன்றுக்குப் புகழ்பெற்ற பெயரை அவர் பொருத்தியிருக்கலாம். வழிவழி வந்த செய்தியை அறிந்து எழுதியும் இருக்கலாம். மேலும் காழகம் என்ற சொல்லுக்கு ஆடை என்னும் பொருளும் பழந்தமிழில் உண்டு. காழகம் பர்மாவைக் குறிக்கும் என்று கொண்ட அறிஞரும் உளர். எனவே இச்சான்றைத் தள்ளவும் வேண்டா. இதன்மேல் வீடு கட்டவும் வேண்டா.

ஐயத்துக்கு இடம் குறைந்த குறிப்பு ஒன்று சீனத்திலிருந்து வருகிறது. இட்சிங் என்னும் பௌத்தத் துறவி கி.பி. 671-இல் காண்டன் துறையிலிருந்து கப்பலேறினார். ஸ்ரீவிசயத்தில் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் கற்றார். அங்கிருந்து மலாயு என்னும் நாட்டுக்குச் சென்று இரண்டு திங்கள் இருந்தார். பின்னர் ஓரிடத்துக்கு வந்தார். அதன் பெயர் இக்காலச் சீன ஒலிப்பில் 'சியெச்சா' என்றிருக்கும். அங்கிருந்து வடக்கே பத்து நாள் கடலிற் சென்றால் ஆடை உடுக்காத மக்களின் தீவு வரும் என்று எழுதிவைத்தார். 673-இல் வங்கத்துத் தாமிரலிப்தியை அடைந்தார். அத்தீவு நிக்கோபார் என்பதில் அறிஞரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. திசையையும் பயண நாளையும் பார்த்தால் அதற்கு முன் அவர் கப்பலேறிய இடம் கெடா என்பது பொருந்துகிறது. அப்பெயரின் எழுத்துகள் பழஞ்சீனத்தில் 'கெட்-த' என்பது போல ஒலித்தன என்பர். ஆசிரிய நண்பர்கள் இதனை ஒரு கணம் உற்றுநோக்க வேண்டுகிறேன். ஏழாம் நூற்றாண்டில் ஓர் அயலார் காதில் விழுந்த பெயர், இன்று நம் அண்டை வீட்டு மலாய்க்காரர் சொல்லும் பெயருக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது!

அரபு எழுத்தாளர்கள் ஒன்பதாம் நூற்றாண்டு முதல் 'கலாஹ்' என்றொரு துறைமுகத்தைக் குறிக்கிறார்கள். ஈயத்துக்குப் பெயர்போன இடம் அது. கெடா என்று பலரும், வேறிடம் என்று சிலரும் கொள்வர். இதில் நான் நீள நிற்கவில்லை.

வடமொழியில் இவ்விடத்தின் பெயர் 'கடாஹம்'. 11-ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் வணிகர் கப்பலேறிச் செல்லும் நாடாக இது வருகிறது. தேவசுமிதை என்பாளின் கணவன் பொருளீட்டப் போவது கடாஹத்துக்கே. கடாஹம் என்றால் வடமொழியில் கொப்பரை, பெருங்கலம்.

இனித் தமிழ்ச் சான்றுக்கு வருவோம். இராசராச சோழனின் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1006-இல், நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் கொடுக்கப்பட்டது. அவ்விகாரைக்குச் சூளாமணி விகாரை என்று பெயர். அதனை எடுத்தவர்கள் கடாரத்து அரசர்கள். இக்கொடையைக் கூறும் செப்பேடுகள் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்றவை. அவற்றில் வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் உள்ளன. வடமொழிப் பகுதியில் அவ்வரசர்கள் ஸ்ரீவிசயத்துக்கும் கடாஹத்துக்கும் உரியவர்கள். தமிழ் எழுதுகையில் சோழ நாட்டார் கடாரம் என்றும் கிடாரம் என்றும் வழங்கினர். சோழர் ஆவணங்களில் இரு வடிவங்களும் காணப்படுகின்றன.

ஈண்டுதான் எனக்கு ஒரு சிறு வெளிச்சம் கிடைத்தது. கடாரம் என்பது தமிழில் ஊர்ப்பெயர் மட்டுமன்று. பெரிய செம்பு அல்லது பித்தளைக் கொப்பரைக்கும் அதுவே பெயர். வடமொழிக் கடாஹம் தமிழில் கடாரமாயிற்று என்பது அகராதிகள் கூறும் செய்தி. என்னுடன் பணியாற்றிய யாழ்ப்பாணத்து வழிவந்த ஆசிரியை ஒருவர், தம் வீட்டில் கலியாணச் சமையலுக்கு எடுக்கும் பெரிய ஏனத்தைக் கிடாரம் என்றே சொல்வார்கள் என்றார். ஏனத்தின் பெயரும் கடாரம், கிடாரம். ஊரின் பெயரும் கடாரம், கிடாரம். வடமொழியில் ஏனமும் கடாஹம், ஊரும் கடாஹம். ஆகவே செப்பேடு எழுதியவர்கள் ஊர்ப்பெயரை ஏனத்தின் பெயராகவே கேட்டார்கள் என்பது தெளிவு. ஒரு மொழியிலிருந்து மறுமொழிக்குப் போகும்போதும் அப்பொருளை விடாது பற்றிக்கொண்டார்கள்.

அப்படியானால் ஊர் கொப்பரையால் பெயர் பெற்றதா? அங்குதான் நாம் நிற்க வேண்டும். இட்சிங் எழுதிய வடிவத்தில் 'ஹம்' என்ற ஈறும் இல்லை, 'ரம்' என்ற ஈறும் இல்லை. இன்றைய மலாய்ப் பெயரிலும் இல்லை. முன்னும் பின்னும் இல்லாத அவ்வீறு நடுவில் இந்திய எழுத்துகளில் மட்டும் தோன்றுகிறது. மண்ணின் மக்கள் வழங்கிய பெயர் ஒன்று இருந்தது. வடமொழியாளரும் தமிழரும் அதற்குத் தத்தம் வீட்டுக் கொப்பரையைக் கவிழ்த்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பட்டாணிக்கு நாம் செய்தது எதுவோ அதுவே இதுவும். இது என் கருத்து. மாற்றுக் கருத்துடையோர் சான்று காட்டினால் ஏற்பேன்.

இதனால் தமிழருக்கு இழப்பு என்ன? ஒன்றுமில்லை. கடாரத்து அரசன் நாகையில் விகாரை கட்டியதும், சோழன் அதற்கு ஊர் கொடுத்ததும், இருபது ஆண்டுகள் கழியுமுன் அச்சோழனின் மகனே கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றதும் செம்பிலும் கல்லிலும் உள்ளன. கடாரங்கொண்டான் என்ற பட்டப்பெயர் ஊர்ப்பெயராகிச் சோழநாட்டில் இன்றும் வழங்குகிறது. பெயரின் பிறப்பைத் தமிழாக்கினால்தான் இவ்வுறவு நிலைக்கும் என்பதில்லை.

ஊறுகாய்க்கு உதவும் கடாரங்காய் உண்டு. அது கடாரத்திலிருந்து வந்த காய் என்று சொல்லக் கேட்டு நானும் மாணவர்க்குச் சொல்லியதுண்டு. வாய் ஊறும் செய்திதான். எனினும் காய் கப்பலேறி வந்த குறிப்பு ஒன்று வேண்டும்; அது கிடைக்கும்வரை ஊறுகாயாகவே இருக்கட்டும்.

அடுத்து மலையூர். இராசேந்திரனின் கடற்படையெடுப்பு கி.பி. 1025-ஐ ஒட்டியது. தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டப்பட்ட அவன் மெய்க்கீர்த்தி, கடாரம் முதலாகக் கடல் கடந்த 13 இடங்களைப் பெயர் சொல்லிக் கூறுகிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்பன அவை. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடைமொழி உண்டு. புலவர் இப்பெயர்களைத் தமிழ் யாப்புக்குள் அமைக்கும்போது அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுத்திருக்கிறார். லங்காசுகம் என்று பிறர் அறிந்த நாடு இலங்காசோகம் ஆனபோது அதில் ஓர் அசோகமரம் முளைத்துவிட்டது. மலையூருக்கு அவர் கொடுத்த அடை, வலிய மலையே அதற்கு மதில் என்னும் கருத்துடையது. பெயரில் மலை ஒலித்தது. பாட்டிலும் மலை எழுந்தது. நான் அதனை நிலநூற் செய்தியாகப் படித்தேன். புலவரின் சொல்லாடலும் அதில் உண்டு என்பதை மறந்தேன்.

விரிவுரையாளரின் கேள்விக்கு விடை இதுதான். கல்வெட்டுக்கு ஏறத்தாழ 380 ஆண்டுகள் முன்னரே, கி.பி. 644-645 அளவில், 'மொலோயு' என்னும் நாட்டிலிருந்து சீனத்துக்குத் தூது சென்றதாகத் தாங் அரசமரபின் குறிப்பு கூறுகிறது. இட்சிங் தங்கிய மலாயுவும் அதுவே. அறிஞர் பலர் அதனைச் சுமத்திராவில் பத்தாங் ஹாரி ஆறு பாயும் ஜம்பிப் பகுதியில் வைப்பர். அவ்வாற்றின் மேற்புறத்தில் கிடைத்த 1286-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, மலாயு நாட்டு மக்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. மலாய் நூலான செஜாரா மெலாயுவோ மெலாயு என்பதை ஓர் ஆற்றின் பெயராகக் கூறுகிறது. ஆகவே மலையூர் என்பது மெலாயுவின் தாயன்று. மெலாயுவைத் தமிழர் கேட்டு எழுதிய வடிவமே.

இங்கே ஒரு கதவை நான் முழுதும் அடைக்கவில்லை. பொதிகையைச் சூழ்ந்த மலைத்தொடரை வடமொழியாளர் 'மலயம்' என்பர். அச்சொல் திராவிட 'மலை'யிலிருந்து பிறந்தது என்பது மொழியறிஞர் பலருக்கும் உடன்பாடு. அவ்வட சொல் கடல் கடந்து மெலாயு ஆயிற்று என்று கருதிய அறிஞரும் உளர். அது கருதுகோள், மலையாளம் என்னும் பெயரில் மலை இருப்பது போன்ற உறுதி அதற்கில்லை. கருதுகோளை மாணவருக்குச் சொல்லலாம்; கருதுகோள் என்றே சொல்லல் வேண்டும். 'மலைநாட்டுத் தமிழர்' என்று நம் முன்னோர் தங்களைச் சொல்லிக்கொண்ட அழகையும் இதனால் இழக்க வேண்டியதில்லை. அது அவர்கள் சூட்டிய பெயர்.

தக்கோலம் என்னும் பெயர் இன்னும் சிக்கலானது. அரக்கோணத்துக்கு அருகே ஒரு தக்கோலம் உண்டு. கி.பி. 949-இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுடன் நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் மாண்ட களம் அது. மெய்க்கீர்த்தியில் வரும் தலைத்தக்கோலமோ மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், தாய்லாந்தின் தக்குவாபா பக்கம் இருந்தது என்பர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலேயே தாலமி 'தக்கோலா' என்னும் வாணிகத் துறையைக் குறித்திருக்கிறார். மூன்றாவதாக, தாம்பூலத்தோடு சேர்க்கும் ஐந்து நறுமணப் பொருள்களுள் ஒன்றுக்கும் தக்கோலம் என்று பெயர். அரக்கோணத்துத் தக்கோலத்தார் குடியேறித் தம் ஊர்ப்பெயரை அங்கே வைத்தனர் என்று ஒருகால் நான் ஒரு கூட்டத்தில் பேசியதுண்டு. தாலமியின் காலத்தை எண்ணிப்பார்த்திருந்தால் பேசியிருக்க மாட்டேன். தக்குவாபாவில் தமிழர் இருந்ததற்குச் சான்று வேண்டுவோர்க்கு அங்கேயே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. அவனிநாரணம் என்று பெயரிட்ட குளத்தையும் மணிக்கிராமத்தாரையும் அது கூறுகிறது. குளம் வெட்டிப் பெயரிட்டவர்கள் கல்லில் எழுதிவைத்தார்கள், அது போதும்.

மாநக்கவாரம் நிக்கோபார். நக்கம் என்றால் ஆடையின்மை. இட்சிங் ஆடையற்றோர் தீவு என்று பொருளால் குறித்ததும், சோழர் நக்கவாரம் என்று பெயரால் குறித்ததும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒலியும் பொருளும் இடமும் ஒருங்கே பொருந்துவது என்றால் இதுதான்.

இவற்றிலெல்லாம் எனக்கு மிக விருப்பமானது ஒரு வணிகர் கல்வெட்டு. சுமத்திராவின் மேற்குக் கரையில் பாரூஸ் அருகே லோபு துவாவில் கிடைத்தது, கி.பி. 1088-ஆம் ஆண்டினது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழில் வெட்டுவித்தது. அதில் ஊர்ப்பெயரை 'வாரோசு' என்று எழுதி, அதனை அடுத்துத் தாம் சூட்டிய நீண்ட தமிழ்ப் பட்டினப் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். உள்ளூரார் வழங்கும் பெயர் இது, நாங்கள் இட்ட பெயர் இது என்று இரண்டையும் ஒருங்கே வைத்துவிட்டார்கள். கணக்கெழுதிப் பழகிய கை! வரவையும் செலவையும் ஒரே பத்தியில் எழுதாத அவ்வொழுங்கு, பெயராராய்ச்சி செய்யும் நமக்கு இல்லாமற் போயிற்றே என்று வெட்கினேன்.

அந்தப் பாரூஸ் கருப்பூரத்துக்குப் பெயர்பெற்ற இடம். மலாய் மொழியில் இன்றும் 'காப்பூர் பாரூஸ்' என்பர். நாம் இறைவன் திருமுன் ஏற்றும் கருப்பூரம் என்னும் சொல்லே இத்தீவுகளின் 'காப்பூர்' என்ற சொல்லிலிருந்து இந்தியாவுக்கு வந்தது என்பது மொழியறிஞர் பலரின் முடிபு. பாயசத்துக்கு இடும் சவ்வரிசியையும் பாருங்கள். சவ்வு போன்ற அரிசி என்று நாம் பொருள் சொல்லிக்கொள்கிறோம். மலாய் மொழியின் 'சாகு' என்பதே அதன் முற்பகுதி என்பர். சொற்கள் ஒருவழியாக மட்டும் கப்பலேறவில்லை.

மலாய் மொழி படிக்கும் நம் பிள்ளைகள் கேட்கும் ஒப்புமைகள் சில உண்டு. கண்ணுக்கு 'மாத்தா', கயிற்றுக்குத் 'தாலி'. மாதாவும் தாலியும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் 'மாத்தா' என்னும் சொல் பிலிப்பீன்ஸ் முதல் பசிபிக் கடல் நடுவேயுள்ள பிஜி வரை, கண்ணுக்கே உரிய சொல்லாக வழங்குகிறது. 'தாலி'யும் அங்ஙனமே தென்கடற் குடும்பத்துக்குப் பொதுவானது. உறவினர் வீடெங்கும் ஒரு பொருள் இருக்குமாயின் அஃது அக்குடும்பத்துச் சொத்து. நம் வீட்டிலிருந்து போனதன்று. மாறாக 'கப்பல்', 'கடை', 'முதல்', 'கட்டில்', 'பெட்டி', 'மாணிக்கம்', 'சுருட்டு' போன்றவை தமிழில் குடும்பத்தோடு வாழ்பவை. மலாயில் அவை தனித்து நிற்கின்றன. பெரும்பாலும் வாணிகமும் வீட்டுப் பொருளும் பற்றியவை. வந்த வழி தெரிகிறது. மாம்பழமே 'மெம்பெலாம்' என்று அங்கே காய்த்துக் குலுங்குகிறது.

மலாக்காவைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. 1400-ஐ ஒட்டிப் பரமேசுவரன் என்னும் அரசன் ஒரு மரத்தடியில் தங்கியிருந்தபோது சருகுமான் ஒன்று வேட்டைநாயை உதைத்து வீழ்த்தியதாகவும், அம்மரத்தின் பெயரையே ஊருக்கு இட்டதாகவும் கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் மெலாகா என்னும் மரம் உண்மை. அது நம் நெல்லி. வடமொழியில் ஆமலகம், அச்சொல்லே மலாயில் மெலாகா ஆயிற்று என்பர். தமிழ் நூல்களும் நெல்லியை ஆமலகம் என்று குறிக்கும். மரம் ஒன்று, பெயர் ஒன்று, வழியும் ஏற்புடையது. இதனைத் தயங்காமல் வகுப்பில் சொல்லலாம். மலாக்காவில் மலையைத் தேடுவோர் நெல்லியைக் கோட்டை விடுகிறார்கள்.

பூசாங் பள்ளத்தாக்கின் பெயரைப் 'புஜங்கம்', அதாவது பாம்பு, என்று விளக்குவது சுற்றுலா ஏடுகளிலும் ஏறிவிட்டது. மலாயில் 'பூஜாங்' என்றால் மணமாகாதவன். பாம்போ பிரமசாரியோ, ஒலியைத் தவிர வேறு சான்று எவரும் காட்டக் காணோம். எதிர்காலத்தில் நம் எழுத்தே பிறரை மயக்கக்கூடும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிங்கப்பூரைச் சிங்கை என்று சுருக்கி எழுதுகிறோம். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் தலைநகர் சிங்கைநகர். அவர்கள் சிங்கையாரியர் எனப்பட்டனர். ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ஒருவர் நம் இதழ்களைப் புரட்டி, யாழ்ப்பாணத்து அரசர் சிங்கப்பூரை ஆண்டனர் என்று நிறுவினால் அவரை யார் தடுப்பது?

இவ்வளவையும் அம்மாணவிக்கு நீண்ட மடலாக எழுதினேன். கடாரம் நிற்கும், கெடாத கெடா நிற்காது. மலையூர் தமிழர் காதுக்குச் சான்று. மெலாயுவின் பிறப்புக்குச் சான்றன்று. கப்பலையும் கடையையும் பற்றி எவர் முன்னும் பேசு என்று எழுதி, அவள் வகுப்பில் நேர்ந்த தலைகுனிவு என்னுடையது என்பதையும் எழுதினேன். தலைமையாசிரியர் ஒருவர் மாணவிக்கு அப்படி எழுதுவது நம் வழக்கமன்று. எழுதிய பின் அஞ்சற்பெட்டியில் இடுவதற்கு இரண்டு நாள் தயங்கினேன்.

மறுமொழி கைப்பேசியில் வந்தது, நான்கே வரியில். கடாரத்தையும் கிடாரத்தையும் பற்றித் தன் ஆய்வேட்டில் எழுதப்போவதாகவும், யாழ்ப்பாணத்து ஆசிரியையின் முகவரி வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். கடைசி வரி: "கப்பலைப் பற்றி நேற்று வகுப்பில் சொல்லிவிட்டேன் ஐயா."